காருக்கு அடியில் எண்ணெய், பானெட்டுக்குள் பூனை: கேள்வி பதில்

இருபத்தாறு வருடமாகத் திண்டுக்கல்லில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். மழை தொடங்கினால் இரண்டு விதமான போன் அதிகம் வரும். ஒன்று, "வண்டிக்கு அடியில எண்ணெய் சொட்டுது." இன்னொன்று, "பானெட்டுக்குள்ள பூனை கத்துது." இன்று பட்டறை விடுமுறை. கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சி: அண்ணே, அவசரம். காலையில் காருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய். கூடவே எஞ்சின் பக்கம் பூனைக்குட்டி கத்துகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. எதை முதலில் பார்ப்பது?

பூனையை, தம்பி. எண்ணெய் காத்திருக்கும். சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், வேறு யாரும் தெரியாமல் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. சில கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் சூடு இருந்தால் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். அதனால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும்.

அடுத்து, சத்தம் போடாதீர்கள். ஹாரன் அடித்தால் பூனை பயந்து ஓடிவிடும் என்று நினைக்கிறோம். அது இன்னும் உள்ளேதான் போகும். தண்ணீர் பீய்ச்சினாலும் அப்படித்தான், ஒயரிங்கும் நனையும். கூட்டத்தைக் கலைத்துவிட்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மீன் வைத்துவிட்டு அரைமணி நேரம் விலகி நில்லுங்கள். தாய்ப்பூனை பக்கத்தில் சுற்றினால் விரட்ட வேண்டாம், அதன் குரலுக்கே குட்டி வந்துவிடும்.

அப்படியும் வராவிட்டால் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்ற வேண்டும். போன ஐப்பசியில் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் டார்ச் அடித்தபோது ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு பச்சைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. போல்ட்டை ஒவ்வொன்றாக எடுத்து, கவரை இரண்டு பேர் தாங்கி மெதுவாக இறக்கினோம். கவரில் எண்ணெய் தேங்கி நின்றது, அதற்கு நடுவில் குட்டி உட்கார்ந்திருந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு, மீசையில் எண்ணெய் சொட்டுகிறது. மூன்றாவது தண்ணீரில் கழுவிய பிறகுதான் அது செவலைப் பூனை என்பதே தெரிந்தது.

உங்கள் குட்டியும் எண்ணெயில் நனைந்திருந்தால் உடனே துண்டில் சுற்றுங்கள். பூனை தன் உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்யும், அப்படி எண்ணெய் வயிற்றுக்குப் போவதுதான் ஆபத்து. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு கலந்து, கண், மூக்கில் படாமல் கழுவி, ஈரம் துடைத்துக் கதகதப்பாக வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் எதையும் தொடாதீர்கள். பினாயில் பூனைக்கு விஷம்.

கையில் கெட்டியான உறை போட்டுக்கொள்ளுங்கள். கீறினாலோ கடித்தாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி பூனைக் கடிக்கும் உண்டு, அங்கே இலவசம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். பூனை கத்துகிற அவசரத்தில் அப்படியே உள்ளே நுழைகிறார்கள். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு இல்லையென்றால் பக்கத்துப் பட்டறையைக் கூப்பிடுங்கள்.

தஞ்சாவூர்: ஏசி போட்டு ஓட்டி நிறுத்தினால் இடதுபக்கம் தண்ணீர் சொட்டுகிறது. லீக்கா?

தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு, நிறம், வாசனை எதுவும் இல்லையென்றால் ஏசி தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிகிறது. அது சொட்டத்தான் வேண்டும்.

ஈரோடு: ஆயில் மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் ஒழுகுகிறது. எஞ்சின் போய்விட்டதா?

போகவில்லை. ஆயில் மாற்றிய கையோடு ஒழுகினால் நான் இரண்டு இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஒன்று, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் நட்டின் வாஷர். பழைய வாஷரையே திருப்பிப் போட்டிருப்பார்கள். மற்றது ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புது ஃபில்டரை மேலே ஏற்றினால் இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும். சூடாகி அழுத்தம் ஏறியதும் பிதுங்கி ஊற்றும். மேலே சொன்ன செவலைக் குட்டியின் வண்டியிலும் இதுதான்.

பழைய லீக் என்றால் தேடும் விதம் வேறு. எண்ணெய் கீழே வழியும், ஓடும்போது காற்றில் பின்னாலும் பரவும். சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறொன்று. எஞ்சினைத் துடைத்து, ராத்திரி அடியில் அட்டை விரித்து, மறுநாள் ஈரமாக இருக்கும் இடங்களில் மிக உயரமானது எது என்று பாருங்கள். பல வண்டிகளில் டேப்பட் கவர், அதாவது எஞ்சினின் மேல்மூடி, அதன் பேக்கிங் காய்ந்து விறைத்திருக்கும். அங்கிருந்து சைலன்சர் குழாய் மேல் சொட்டினால் புகை வரும், தீயும் பிடிக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

நாகர்கோவில்: கெட்டியான ஆயில் ஊற்றினால் ஒழுகல் நிற்குமா?

நிற்காது. கம்பெனி சொன்ன கிரேடையே ஊற்றி, பேக்கிங்கை மாற்றுங்கள்.

சேலம்: எலி ஒயரைக் கடிக்கிறது. பானெட்டுக்குள் புகையிலை கட்டி வைத்தேன். நான்கு வருடமாக ஒரு எலிகூட வரவில்லை. எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கரூர்: சேலம் அண்ணன் சொல்வது தப்பு. நானும் கட்டினேன், ஒயரிங் முழுக்கப் போய்விட்டது. இப்போதைய ஒயரில் சோயா கலக்கிறார்கள், அதனால்தான் எலி வருகிறது.

சேலம்: காய்ந்து மணம் போன புகையிலையைக் கட்டியிருப்பார். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

பொள்ளாச்சி: இரண்டும் வேண்டாம், பாச்சை உருண்டை போடுங்கள்.

இருவரும் சண்டை போட வேண்டாம். சேலத்தில் எலி வராததற்குப் புகையிலைதான் காரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது, கட்டி வைத்த புகையிலையையே கிழித்துப் பரப்பி எலி கூடு கட்டியிருந்தது. மேலே பானெட் பஞ்சு மெத்தை, நடுவில் கண் திறக்காத ஐந்து குஞ்சுகள். சோயாவை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. எலிக்கு முன்பல் ஆயுள் முழுக்க வளரும், எதையாவது கொறித்தே ஆக வேண்டும். பழைய காலத்து அம்பாசிடர் ஒயரையும் கடித்தது.

பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். அதன் நெடி ஏசி வழியாக வண்டிக்குள் வரும். கைக்குழந்தைக்கும் பூனைக்கும் அது ஆகாது. எலி மருந்தும் வைக்காதீர்கள். எலி ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். மருந்து தின்ற எலியைத் தின்கிற பூனையும் சாகலாம். வண்டியைத் தினமும் கொஞ்சம் நகர்த்துங்கள், குப்பைத்தொட்டி ஓரம் நிறுத்தாதீர்கள், சீட்டுக்கடியில் மிக்சர் சிந்தவிடாதீர்கள், ஏசி காற்று உள்ளே போகும் வாயில் இரும்பு வலை அடியுங்கள்.

சேலம்: இருந்தாலும் என் நான்கு வருடம் பொய்யா?

பொய் இல்லை. உங்கள் தெருவில் பூனை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கும்பகோணம்: ஏசி போட்டால் தண்ணீர் சொட்டுகிறதே?

தஞ்சாவூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விழுப்புரம்: பச்சை நிறத்தில், லேசாக இனிப்பு வாசனையோடு சொட்டுகிறது.

கூலண்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். நாயும் பூனையும் அதை நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். இப்போதே மண் போட்டு அள்ளி, தரையைக் கழுவுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

தேனி: பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். பிரேக் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது. நாளை மதுரை போகலாமா?

போகாதீர்கள். பிரேக் ஆயில் ஒழுகுகிறது. பட்டறைக்குக்கூட ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

கோபி: பானெட்டுக்குள் பாம்பு நுழைந்ததைப் பார்த்தேன். சாரைதான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவர் சொன்னதை நம்பிப் பானெட்டுக்குள் கையை நுழைக்காதீர்கள். தள்ளி நின்று, கண்ணை எடுக்காமல், 101-ல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அடித்துக் கொல்லவும் கூடாது, சட்டப்படி குற்றம்.

ஆத்தூர்: இடதுபக்கம் தண்ணீர்...

தஞ்சாவூர் பதில். இனி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

அரியலூர்: ஜாக்கி போட்டு நானே டிரெயின் வாஷரை மாற்றிவிடலாமா?

ஸ்டாண்டு இருக்கிறதா? இல்லையென்றால் கூடாது. ஜாக்கி நழுவி நசுங்கிய ஒருவரை நான் கையால் இழுத்து வெளியே எடுத்திருக்கிறேன். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

திருச்சி: அண்ணே, மீனுக்குக் குட்டி வந்துவிட்டது! காலில் மட்டும்தான் எண்ணெய், கழுவிவிட்டோம். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கிறது. பட்டறை இரண்டு கிலோமீட்டர். ஓட்டலாமா?

நல்ல சேதி, தம்பி. ஆனால் ஓட்ட வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பல வண்டிகளில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் சுமார் ஒரு லிட்டர். அதற்கும் கீழே போய்விட்டது என்றால் எவ்வளவு ஒழுகியது என்று கணக்கில்லை. ஓட்டும்போது எண்ணெய்க் குவளை படம் சிவப்பாக எரிந்தால் எஞ்சின் அந்த இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே போய்விடலாம்.

பேட்டரியை மாட்டும் முன் இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். பூனை ஒரு குட்டியோடு நிறுத்துவது அபூர்வம். தாய்ப்பூனை இன்னும் வண்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா?

திருச்சி: ஆமாம் அண்ணே, முன்சக்கரத்துக்கிட்டயே உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் உள்ளே இன்னொன்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மீன் வையுங்கள்.