கேரவன் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, வாரண்டியும் செல்லாது என்கிறார்கள்

கேள்வி: ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் கேரவன் ஒன்று வைத்திருக்கிறேன். நானே ஓட்டுகிறேன், உதவிக்கு ஒரு பையன். 14 மாதத்துக்கு முன் ரூ.4,35,000 கொடுத்து டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் பொருத்தினேன். 2 வருட வாரண்டி. நான்கு மாதமாகக் காலையில் செல்ஃப் அடித்தால் சுற்றுகிறதே தவிர ஸ்டார்ட் ஆவதில்லை. டீலரின் மெக்கானிக் சிலமுறை வந்து பார்த்தார். இப்போது, ‘இரண்டு ஏசி போட்டு ஓவர்லோட் செய்துவிட்டீர்கள், வாரண்டி செல்லாது’ என்று போனில் சொல்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
– வாசகர், சாலிகிராமம்

பதில்: போகலாம். ஆனால் ஜெனரேட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, ‘இவர் நுகர்வோரே இல்லை, வியாபாரி’ என்றுதான் எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். வாடகை வண்டிக்கு வாங்கிய பொருள் என்பதால் இந்த வாதம் நிச்சயம் வரும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் அதே சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவரை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லக்ஷ்மி என்ஜினியரிங் வொர்க்ஸ் நடத்திய வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது. (அந்த வழக்கைப் போட்ட நிறுவனம் மட்டும் நுகர்வோர் இல்லை என்று தோற்றது.) உங்களிடம் இருப்பது ஒரே வண்டி, ஓட்டுவதும் நீங்களே என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பில் ‘டிராவல்ஸ்’ பெயரில் இருந்தாலோ, ஜிஎஸ்டி கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைத் தொழில் கணக்கில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தாலோ அதைக் கொண்டு உங்களை மடக்கப் பார்ப்பார்கள். அதற்கான பதிலையும் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது, கோர்ட்டில் தலைகுனிய வைக்கும் சின்ன விஷயங்கள். வண்டியின் டேங்கிலிருந்தே ஜெனரேட்டருக்கு லைன் எடுத்திருக்கிறீர்களா? பல வண்டிகளில் அந்தக் குழாயை டேங்கின் அடிவரை விடமாட்டார்கள். இரவெல்லாம் ஜெனரேட்டர் ஓடி, காலையில் வண்டிக்கே டீசல் இல்லாமல் போகக்கூடாது என்பதற்காக. அப்படியிருந்தால் டீசல் கால் டேங்குக்குக் கீழே இறங்கியதும் செல்ஃப் சுற்றும், என்ஜின் பிடிக்காது. அது குறைபாடே அல்ல. ஆயில் அளவு, பேட்டரி வோல்டேஜ், டீசல் லைனில் காற்று – இவற்றையும் டீலரின் மெக்கானிக்கை வைத்தே பார்த்து, ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டில்) எழுதி வாங்குங்கள். வெளி மெக்கானிக் யாரும் என்ஜினைப் பிரிக்க வேண்டாம். பிரித்துவிட்டால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார்கள். அதன்பிறகு நுகர்வோர் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஆணையம் (நுகர்வோர் கோர்ட்) பரிசோதனைக்கு உத்தரவிட்டாலும் அறிக்கை உங்களுக்குச் சாதகமாக வருவது கடினம். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

ஓவர்லோட் என்றால் பிரேக்கர் ட்ரிப் ஆக வேண்டும். லோடே இல்லாத அதிகாலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்? போனில் சொன்னதை எழுத்தில் தரச்சொல்லி, ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்தால் போதும். டீலருக்கு மட்டுமல்லாமல் தயாரிப்பாளருக்கும் அனுப்ப வேண்டும். வண்டிக்குள் பொருத்தியது பாடி பில்டர் (வண்டிக்குக் கூடு கட்டுபவர்) என்றால் அவரையும் சேர்க்க வேண்டும்; இல்லையேல் ‘ஃபிட்டிங் கோளாறு’ என்று ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். டீசல் அளவும் மீட்டர் பேனலும் தெரிய, செல்ஃப் அடிப்பதை ஒரே ஷாட்டில் செல்போனில் எடுத்து வையுங்கள். அந்த வீடியோவோடு பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

புகாரைச் சென்னையிலேயே மாவட்ட ஆணையத்தில் போடலாம். பில்லின் பின்பக்கம் ‘வழக்குகள் வேறு ஊர் நீதிமன்றத்துக்கே உட்பட்டவை’ என்று அச்சடித்திருந்தாலும் கவலை வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்தில் தாக்கல் செய்ய நுகர்வோர் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. ‘பார்க்கிறோம், செய்கிறோம்’ என்று அவர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளால் அந்தக் கெடு நீளாது.

பழுது நீக்கம், அது முடியாவிட்டால் மாற்று ஜெனரேட்டர் அல்லது விலையைத் திருப்பித் தருவது, இவற்றோடு நஷ்டஈடு – இந்த வரிசையில் கேளுங்கள். வாடகை இழப்பை மட்டும் அளவோடு கேளுங்கள். ரத்தான ஷூட்டிங்குக்கு வவுச்சரோ செய்தியோ இருந்தால் அந்தத் தொகை போதும். கோபத்தில் ‘மாதம் லட்சக்கணக்கில் நஷ்டம்’ என்று நோட்டீஸில் எழுதினால், உங்களை வியாபாரி என்று நிரூபிக்க அந்த ஒரு வரியையே எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்.