பேஸ் கிட்டார்: சுரம் சரி, ஆனால் பாட்டு ஏன் அசையவில்லை?
கிளிநொச்சிப் பக்கம் திருவிழா மேடைகளில் வாசிக்கும் தம்பி கேட்டது இது. சுரத்தை எங்கே தொடங்குவது என்று பார்க்கிறோம், எங்கே நிறுத்துவது என்று பார்ப்பதில்லை. டிரம்ஸில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும்போது தந்தியை மீட்டுங்கள். ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான டிரம்) விழும்போது இடக்கை விரலைத் தளர்த்தி ஒலியை அடக்குங்கள். அந்தச் சின்ன இடைவெளிதான் ஆளை ஆட்டும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அந்த அடிகளை நாலு எண்ணிக்கையில் 2, 4 என்று எண்ணிப் பழகுங்கள். முதலில் எரிச்சல்தான் வரும். பைலாவுக்கு (இலங்கையின் ஆட்டப் பாட்டு) இந்தக் கணக்குச் சரிவராது, அது 6/8 தாளம்.

தொனியா? கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டு வரும், பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் பகுதி) பக்கம் கூர்மை. அப்புறம், வெளி மேடையில் பேஸ் கேட்கவில்லை என்று லோ (தாழ்ந்த ஒலி) குமிழைத் திருகிக் கூட்டாதீர்கள். தடித்த ஈ (E) தந்தியின் 41 ஹெர்ட்ஸைச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒழுங்காகத் தராது. மிட் (நடு ஒலி) குமிழைக் கொஞ்சம் கூட்டுங்கள், கேட்கும்.