கனடா மாமாவிடம் கமரா கேட்க முன்னர்

சாவகச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கோயில் திருவிழா, இரவுக் கூத்து, அம்மம்மாவின் சமையல் எல்லாம் எடுத்து யூடியூப்பில் போட ஆசை. கையில் பெரிய காசில்லை. கனடாவில் இருக்கும் மாமா வருகிறார், மலிவான வீடியோ கமரா ஒன்று கொண்டுவரச் சொல்லவா, எதைச் சொல்ல?"

சமையலுக்குக் கமராவே வேண்டாம் தம்பி. அம்மம்மா ஒடியல் கூழ் காய்ச்சுவதை மூன்றடி தள்ளி நின்று எடுக்க உங்கள் போன் போதும். புகை மண்டிய அடுப்படி வெளிச்சத்தில் மலிவான வீடியோ கமராவை விட இந்தக் காலத்துப் போன் நன்றாகவே எடுக்கும். சொனி சிஎக்ஸ்405 என்று பலரும் வாங்கும் மலிவுக் கமரா இருக்கிறதே, அதில் படத்தைப் பிடிக்கும் சில்லான சென்சர் 1/5.8 அங்குல வகை, ஒரு உளுந்தை விடச் சிறியது. இருட்டில் படம் மணல் தூவியது போலத்தான் வரும்.

ஆனால் திருவிழாவும் கூத்தும் வேறு கதை. சனத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு தேரில் இருக்கும் சுவாமியின் முகத்தைப் போனில் இழுத்தால் படம் பிசிறிப் போகும். அதே சிஎக்ஸ்405இல் 30 மடங்கு லென்ஸ் சூம் இருக்கிறது. பெட்டியில் 300 மடங்கு, 350 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருப்பது எடுத்த படத்தையே வெட்டிப் பெருப்பிக்கும் டிஜிட்டல் சூம், அதைப் பார்த்து மயங்க வேண்டாம், 'ஒப்டிக்கல்' என்று எழுதியிருக்கும் எண்தான் கணக்கு. விடியும்வரை ஆடும் கூத்தைச் சூடேறாமல், போன் கோல் குறுக்கே வராமல் எடுக்கவும் இதுதான் வசதி.

சரி, இனி மாமாவின் விஷயம்.

எங்கள் இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் என்று ரியூப் லைற்றும் மலிவான எல்ஈடி பல்புகளும் செக்கனுக்கு 100 தரம் மங்கி எரிகின்றன, கண்ணுக்குத் தெரியாது. கனடாவில் 60 ஹேர்ட்ஸ், அங்கே விற்கும் கமரா அதற்கு ஏற்றபடி செக்கனுக்கு 60 அல்லது 30 படம் எடுக்கும். அதைக் கொண்டுவந்து இங்கே ரியூப் லைற்றின் கீழே பிடித்தால் இரண்டின் தாளமும் ஒத்துவராமல் படம் துடிக்கும், சில வேளை பட்டை பட்டையாக ஓடும். மச்சாளின் கலியாணத்தை நான் அப்படித்தான் ரொறன்ரோவிலிருந்து வந்த கமராவால் எடுத்தேன், மண்டபம் முழுக்க ரியூப் லைற், தாலி கட்டும் நேரம் முழுவதும் படம் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் குத்திக் காட்டுவாள். ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரமான ஷட்டரை 1/50 அல்லது 1/100 செக்கன் என்று நாமே வைக்க முடிந்தால் தப்பலாம், ஆனால் மலிவுக் கமராக்களில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. பகல் வெயிலில் மட்டும் எடுப்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. நீங்களோ இரவுக் கூத்து எடுக்கப் போகிறீர்கள்.

ஆகவே லண்டனிலோ பாரிஸிலோ ஜெர்மனியிலோ ஒரு சித்தப்பா, மாமி இருந்தால் அவர்களைக் கேளுங்கள், அங்கேயும் 50 ஹேர்ட்ஸ்தான்.

அடுத்தது சத்தம். படம் கொஞ்சம் மங்கினால் சனம் பொறுக்கும், கூத்தை நடத்தும் அண்ணாவியார் பாடுவது கேட்காவிட்டால் மூடிவிட்டுப் போய்விடும். சிஎக்ஸ்405இல் வெளி மைக் குத்த ஓட்டையே கிடையாது, அதனால் உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கனன் லெக்ரியா எச்எஃப் ஆர்806இல் மைக் ஓட்டை இருக்கிறது, சூம் 32 மடங்கு. பழைய மொடல்தான், பாவித்தது கிடைத்தாலும் பரவாயில்லை, பற்றரியை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். மைக் வாங்கும்போது அதன் முனையைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கமராவுக்கானது. தவிலுக்குப் பக்கத்தில் மட்டும் மைக்கை வைக்காதீர்கள், பதிவில் சத்தம் பிளந்து கரகரத்துப்போகும்.

மெமரி காட் 64 ஜீபி வாங்குங்கள். செக்கனுக்கு 17 மெகாபிட் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏழரை ஜீபி அளவு, எட்டு மணிக் கூத்து அடங்கிவிடும்.

ஐரோப்பாவில் ஒருவரும் இல்லை, மாமாதான் கதி என்றால் அவர் கனடாக் கடையில் புதிதாக வாங்க வேண்டாம். அங்கே கனன் இதே வகையை 'விக்சியா' என்ற பெயரில் விற்றது, ஐரோப்பாவில் 'லெக்ரியா'. பாவித்தது ஒன்று கண்டால் பக்கவாட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: லெக்ரியா என்றால் வாங்கலாம், விக்சியா என்றால் வேண்டாம்.