பலா மரத்தடியில் நின்ற பிள்ளை

குலசேகரத்திலிருந்து போன வாரம் வந்திருந்த அம்மாவுக்கு,

அன்றைக்கு உங்கள் கண் கலங்கியதைப் பார்த்து "எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. மனதில் பட்டதை இப்போது சொல்கிறேன்.

உங்கள் மகளுக்கு இரண்டாவது தடவையும் நீட் கைகொடுக்கவில்லை. ரப்பர் தோட்டத்தை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுங்கள் என்கிறார் வளைகுடாவில் இருக்கும் தாய்மாமா. வைக்காதீர்கள். பால் வெட்டி வரும் காசில்தான் உங்கள் அடுப்பு எரிகிறது. கடனைக் கட்டப்போவது மாமா இல்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் மருத்துவராக முடியும். எல்லாவற்றுக்கும் மேலே, அவளுக்கு அதில் மனமில்லை.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் வெளியே பலா மரத்தடியில் நின்றாள். மரத்தில் தொற்றியிருந்த ஆர்க்கிட் என்ற பூச்செடியைப் புல்லுருவி என்று நினைத்து எங்கள் காவலாளி பிய்க்கப் போனார். "அண்ணாச்சி, அது மரத்தை உறிஞ்சாது, சும்மா உட்கார்ந்திருக்கு" என்று தடுத்து, தன் பாட்டில் தண்ணீரை வேரில் ஊற்றினாள். வெளுத்துக் கிடந்த வேர் பார்க்கப் பார்க்கப் பச்சையானது. வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது, அதுதான் மழையையும் பனியையும் குடிக்கிறது என்றாள். காவலாளி கையை எடுத்துவிட்டார்.

அவள் செய்ததே ஒரு தொழில். தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர்களுக்குச் செடியைப் புரியவைக்கும் தொழில். இன்ஜினியரிங், நர்சிங் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது; நான் இதைச் சொல்கிறேன்.

பூங்காவில் பெயர்ப்பலகை மட்டும் இருந்தால் மக்கள் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலாவும் ஆர்க்கிட்தான் என்று சொல்லுங்கள், நிற்பார்கள். அதைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் என்றால் பள்ளிப் பிள்ளைகள் விடமாட்டார்கள். அப்புறம் ஓர் ஆர்க்கிட் காயைப் பிளந்து லென்ஸ் வழியே காட்டலாம். தூசியாக ஆயிரக்கணக்கில் விதை, ஆனால் ஒன்றிலும் முளைக்கத் தேவையான உணவு இல்லை. காட்டில் அதற்கேற்ற பூஞ்சை ஊட்டினால்தான் முளை வரும். பிடுங்கி வந்த செடி வீட்டுத் தொட்டியில் பூக்கலாம், ஆனால் அங்கே அதன் விதை முளைப்பது அரிது. நம் மலைத்தொடரிலேயே, அகத்தியமலையில் மட்டும் வளரும் 'பாஃபியோபெடிலம் ட்ரூரியை' என்ற மஞ்சள் ஆர்க்கிட் பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்குப் போனது. வருகிறவர்களைத் திட்டவும் வேண்டாம். கல்யாண மேடையில் செருகும் ஊதா ஆர்க்கிட் பண்ணையில் வளர்த்த கலப்பினம், ஆசைப்பட்டால் அதை வாங்குங்கள் என்று வழிகாட்டினால் போதும்.

சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா, அழிந்துவரும் உள்ளூர் ஆர்க்கிட்டுகளை ஆய்வகத்தில் முளைக்கவைத்துச் சாலையோர மரங்களிலேயே கட்டி வளர்க்கிறது. பேருந்துக்கு நிற்பவருக்கும் அது பாடம்.

சரி, வழி என்ன? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் கல்லூரியில் தோட்டக்கலை. பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் வேண்டாம். விடுதிச் செலவு கைக்கு மீறினால் நாகர்கோவிலிலேயே பி.எஸ்சி. தாவரவியல். எதற்கும் ஒரு சென்ட் நிலம்கூட விற்கக்கூடாது, இதில் எனக்குச் சமரசம் இல்லை. பூங்காக்களில் இந்த வேலைக்கு விளம்பரம் அடிக்கடி வராது என்பதையும் மறைக்கமாட்டேன். அதனால் செடியின் சிறு துண்டை ஆய்வகத்தில் செடியாக வளர்த்தெடுக்கும் திசு வளர்ப்பும் நர்சரி வேலையும் அவள் கட்டாயம் கற்க வேண்டும். அவை எங்கும் சோறு போடும்.

முதலில் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கு அவளைக் கூட்டிப் போங்கள். எந்தச் செடி முன்னால் நிற்கிறாள், அங்குள்ளவர்களிடம் என்ன கேட்கிறாள் என்று கவனித்துவிட்டு வாருங்கள். மாமா போன் செய்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.