காது அடைப்பா, திறப்பா?

கேள்வி: வயது 32. டயட் இருந்து ஐந்து மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். அப்புறம் தொடங்கியது இந்தத் தொல்லை. நான் பேசுவது வலது காதில் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குகிறது, மூச்சு விடும் சத்தமும் கேட்கிறது. படுத்தால் போய்விடுகிறது. காது அடைப்பு என்று மூக்கடைப்புச் சொட்டு மருந்து விட்டும் குறையவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் திறந்து மூடும். அதைச் சுற்றியுள்ள கொழுப்பு, எடை வேகமாகக் குறையும்போது கரைந்துவிட்டால் குழாய் திறந்தே நின்றுவிடும். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான். வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து அதை இன்னும் திறக்கத்தான் செய்யும். படுத்தால் குழாயைச் சுற்றி ரத்தம் தேங்கி அது மூடிக்கொள்வதால் சத்தம் நின்றுவிடுகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும்போது தொல்லை இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். உட்கார்ந்தபடியே, இடது நாசியை மூடிக்கொண்டு வலது நாசியால் ஆழமாக மூச்சு இழுத்து விடுங்கள். செவிப்பறை மூச்சோடு சேர்ந்து உள்ளே வெளியே அசைவதை அவரால் பார்க்க முடியும். படுக்கவைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்! கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அதனாலும் வரலாம்.

பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், காபியைக் குறையுங்கள், இழந்த எடையில் சில கிலோ திரும்பி வரட்டும். வெறும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விடலாம். அலுவலகத்தில் முழங்க ஆரம்பித்தால் குனிந்து தலையை முழங்காலுக்கு இடையே வையுங்கள்; கொஞ்ச நேரம் தாங்கும். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் குழாயை மூடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அப்போதைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் நாளடைவில் செவிப்பறை உள்ளிழுக்கப்பட்டுக் கேட்கும் திறனே கெடலாம்.

மாதக்கணக்கில் குறையாவிட்டால் செவிப்பறை மேல் சிறு ஒட்டு வைப்பது, குழாயின் வாயில் குருத்தெலும்போ கொழுப்போ வைத்துக் குறுக்குவது போன்ற வழிகள் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை என்பதால் அவசரப்பட வேண்டாம்.

நடக்கும்போது காலடிச் சத்தமோ கண்ணை உருட்டும் சத்தமோ காதுக்குள் கேட்டாலும், பலத்த ஒலியில் தலை சுற்றினாலும் விஷயம் வேறு. அது உள்காதின் எலும்பில் இருக்கும் துளையாக இருக்கலாம். அதற்கு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.