வாசிப்பவரை வரைந்த ஓவியங்களுள் உங்களுக்கு மிகவும் நெருக்கமானது எது, ஏன்?

ஜெர்மானிய ஓவியர் கார்ல் ஸ்பிட்ஸ்வெக் 1850ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய 'புத்தகப் புழு' என்பதே என் பதில். இந்த எண்ணெய் வண்ண ஓவியம் 49.5 செ.மீ. உயரமும் 26.8 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்டது. ஜெர்மனியின் ஸ்வைன்ஃபுர்ட் நகரிலுள்ள கெயோர்க் ஷேஃபர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நூலக ஏணியின் உச்சியில் நரைத்த தலையுடன் ஒரு முதியவர் தனியாக நிற்கிறார். இரு கைகளிலும் இரண்டு நூல்கள் விரிந்திருக்க, மூன்றாவதை அக்குளிலும் நான்காவதை முழங்கால்களுக்கிடையிலும் இடுக்கிக்கொண்டு, ஒன்றை மட்டும் முகத்தருகே வைத்துப் படிக்கிறார். அலமாரியில் 'மெய்ப்பொருளியல்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேலிருந்து விழும் வெயில் அவர்மீது படிய, கீழே ஓரத்தில் ஓர் உலக உருண்டை மங்கிக் கிடக்கிறது. ஏணியின் அடி நமக்குத் தெரிவதில்லை. எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்பதை நாமேதான் ஊகிக்க வேண்டும். படத்தின் ஒடுங்கிய நெடிய வடிவம் அந்த உயரத்தை இன்னும் கூட்டுகிறது.

1848இல் ஐரோப்பாவின் பல நாடுகளில் புரட்சி வெடித்து அடங்கியபின் வரையப்பட்டதால், உலகத்துக்கு முதுகைக் காட்டிப் பழைய ஏடுகளுக்குள் ஒளிந்துகொள்பவர்களை ஓவியர் கேலி செய்கிறார் என்று பலர் விளக்குவார்கள். கேலிப் பத்திரிகைக்கும் அவர் படம் வரைந்தவர் என்பதால் அதை அடியோடு மறுக்க முடியாது. ஆனால், மருந்தாளுநராகப் பயிற்சி பெற்று, பின்னர் அத்தொழிலை விட்டு, எந்த ஓவியப் பள்ளியிலும் சேராமல் தாமாகவே கற்றுத் தேர்ந்த ஒருவர், கற்கும் ஆசையை வெறும் பரிகாசமாகப் பார்த்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கல்லூரி நாள்களில் ஒரு நூலைத் தேடிப் போய், அதிலிருந்த ஓர் அடிக்குறிப்பு அடுத்த நூலைத் தேட வைக்க, முதல் நூலைக் கீழே வைக்க மனமின்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அலமாரி முன் நின்றபடியே ஒரு பிற்பகல் முழுவதையும் நான் கழித்திருக்கிறேன். இந்தப் படத்தில் நான் முதலில் அடையாளம் கண்டது அந்த உடலின் நிலையைத்தான்: கழுத்தின் அந்த வளைவு, புத்தகம் நழுவாதபடி இறுக்கிய அந்த முழங்கால்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கோட்டுப் பையிலிருந்து அவருடைய கைக்குட்டை பாதி வெளியே தொங்குவது தெரியும். அதை உள்ளே தள்ள அவருக்குக் கை ஒழியவில்லை.