கார் ஃபில்டர் வாங்கும்போது பேப்பரை மட்டும் பார்த்தால் போதாது

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டும் மாற்ற வேண்டும். கம்பெனி பார்ட், வேறு பிராண்ட், பெயர் தெரியாத மலிவு ரகம் என மூன்று காட்டுகிறார்கள். மூன்றுமே சரியாக உட்காரும் என்கிறார்கள், பார்க்கவும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது? பழைய ஏர் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போட்டால் போதாதா?

பதில்: ஆயில் ஃபில்டரில், உட்காரும் என்றால் திரெட் (திருகு மரை) பொருந்தும் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒரே திரெட், ஒரே ரப்பர் வாஷர் அளவில் பல இன்ஜின்களுக்கு ஆயில் ஃபில்டர் வருகிறது. வித்தியாசம் டப்பாவுக்குள்ளே, முதலில் பைபாஸ் வால்வில்.

குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்போதும் இந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது இன்ஜினுக்கு அனுப்பும். அழுக்கு ஆயில் பேரிங்கை மெதுவாகத் தேய்க்கும்; ஆயிலே வராவிட்டால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் அழுக்கு ஆயில் குறுக்கு வழியில் போகும். தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் அழுத்தம் தாங்காமல் உள்ளே பேப்பர் நசுங்கும். சில இன்ஜின்களில் பைபாஸ் வால்வு இன்ஜின் உடம்பிலேயே இருப்பதால் அவற்றுக்கான ஃபில்டரில் அது இருக்காது. அந்த ஃபில்டரை உங்கள் காரில் மாட்டினாலும் கச்சிதமாகத்தான் உட்காரும்! அதனால் கார் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். சேசிஸ் நம்பர் கொடுத்து பார்ட் நம்பரை உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். ஒரே மாடலிலேயே நடுவில் இன்ஜின் மாறியிருக்கலாம்.

அடுத்தது, ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் மடல். ஃபில்டரின் வாய்ப்பக்கம் நடுத் துளையைச் சுற்றிச் சின்னத் துளைகள் இருக்கும், மடல் அவற்றுக்குப் பின்னால் தெரியும். பல் குத்தும் குச்சியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். வளைந்து உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர் நாளடைவில் சூட்டில் விறைத்துப்போகும், சிலிக்கான் ரப்பர் நீடித்து உழைக்கும். ஃபில்டர் பக்கவாட்டிலோ வாய் கீழ்நோக்கியோ மாட்டியிருக்கும் இன்ஜின்களில் இந்த மடல் கெட்டால், இரவெல்லாம் ஆயில் வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வரும், ஆயில் விளக்கு அணையத் தாமதமாகும்.

கடையிலேயே இன்னும் சில சோதனைகள் செய்யலாம். குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடக் கூடாது. திரெட்டில் உலோகப் பிசிறு இருக்கக் கூடாது, ரப்பர் வாஷர் பள்ளத்தில் சீராகப் படிந்திருக்க வேண்டும். பெட்டியில் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு மதிப்பில்லை, அந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கும் என்பதுதான் கணக்கு. ஆயில் ஃபில்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4548-12 சோதனைப்படி 20 மைக்ரானில் 99 சதவீதம் என்று இருந்தால் நல்ல ஃபில்டர்.

ஏர் ஃபில்டருக்கு வருவோம். 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அதில் வரும் தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது, அது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். பேப்பர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தால் காற்று தூசியோடு அந்த வழியாகப் புகுந்துவிடும். மலிவு ஃபில்டர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன: ஓர நுரை மெலிதாக இருக்கும், அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையும், மடிப்புகள் ஒருபக்கம் நெருங்கியும் மறுபக்கம் அகன்றும் இருக்கும்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ஓரத்தைப் பாருங்கள். ஃபில்டர் உட்காரும் பெட்டி அழுத்திய தடம் நான்கு பக்கமும் அறுபடாமல் ஓட வேண்டும். எங்கே தடம் மங்குகிறதோ அங்கே கசிவு. பிறகு ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண் ஒட்டினால் ஃபில்டரோ பெட்டியின் கிளிப்போ சரியில்லை.

காற்றடித்துத் திரும்பப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்ப்ரஸர் வேகத்தில் இழைகள் விலகும், பசை விட்டுப்போகும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். இன்னொன்று, பேப்பர் ஃபில்டர் புதிதாக இருக்கும்போதுதான் தூசியைச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும், மேலே ஒரு படலம் படிந்த பிறகு இன்னும் நன்றாகப் பிடிக்கும். அதனால் அடிக்கடி கழற்றித் தட்டுவதும் நல்லதல்ல. மைலேஜ் கூடும் என்று நினைத்தும் மாற்றாதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றுங்கள், புழுதிச் சாலையில் அதிகம் ஓடினால் பாதியிலேயே பாருங்கள். கழுவிப் பயன்படுத்தும் எண்ணெய்ப் பருத்தி ஃபில்டர் உங்களுக்குத் தேவையில்லை. எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சாரில் படியும்.

ஆக, கம்பெனி பார்ட், அல்லது கார் நிறுவனங்களுக்கே தயாரித்துக் கொடுக்கும் மான், மாலே, பாஷ், டென்சோ போன்றவற்றில் உங்கள் பார்ட் நம்பருக்கு உரியது, இரண்டில் எதுவும் சரி. பெயரில்லாததை விட்டுவிடுங்கள். நல்ல பிராண்டுகளுக்கும் டூப்ளிகேட் உண்டு: பெட்டியிலும் ஃபில்டரின் உடம்பிலும் உள்ள நம்பர் ஒத்துப்போகிறதா, எழுத்து மங்கலாக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

மாட்டும்போது செய்யும் தவறு நல்ல ஃபில்டரையும் வீணாக்கும். ஆயில் ஃபில்டரைக் கழற்றியதும் பழைய வாஷர் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன்மேலேயே புதியதை மாட்டினால், ஓட்டத்தில் வாஷர் பிதுங்கி ஆயில் முழுவதும் கொட்டிவிடும். புதிய வாஷரில் ஆயில் தடவி, தளத்தைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று, அல்லது டப்பாவில் எழுதியிருக்கும் அளவு. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த சர்வீஸில் கழற்றுபவர் உங்களைத் திட்டுவார். டப்பா இல்லாமல் பேப்பர் மட்டும் மாற்றும் வகையென்றால் மூடியின் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) புதிதாக இருக்க வேண்டும். இறுக்கும் அளவு பெரும்பாலும் மூடியிலேயே பொறித்திருக்கும். பிறகு ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, கசிவு பார்த்து, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். புதிய ஃபில்டர் கொஞ்சம் ஆயிலை உள்ளே வாங்கியிருக்கும், எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஆயிலை ஊற்றிச் சரிசெய்யுங்கள்.